வங்கிகள் மூடியபின் புழங்கிய காசோலை

காசோலை தன்னளவில் பணமன்று. தம் கணக்கிலிருந்து இன்னாருக்கு இவ்வளவு தொகை கொடுக்குமாறு ஒருவர் தம் வங்கிக்கு எழுதும் கட்டளையே அது என்பதால், வங்கி பூட்டிக் கிடக்கும்போது அது வெறுந்தாளாகிவிடும் என்றே எவரும் எண்ணுவர். அந்த எண்ணத்தைப் பொய்யாக்கிய நாடு அயர்லாந்து. ஊழியர்களோடு எழுந்த ஊதியத் தகராறு முற்றியதால், 1970 மே 1 முதல் அந்நாட்டின் முதன்மை வணிக வங்கிகள் அனைத்தும் கதவடைத்தன; மக்களின் வைப்புத்தொகை உள்ளே முடங்கியது, வெளியே புழங்கிய தாள்களும் நாணயங்களுமோ சுமார் 30 லட்சம் பேரின் அன்றாடத் தேவைக்குப் போதவில்லை.

வழக்கமான காலத்தில், ஒரு வங்கியில் செலுத்தப்படும் காசோலை அதை எழுதியவரின் வங்கிக்குச் சென்று, அவர் கணக்கில் பணம் இருப்பது உறுதியான பின்னரே தொகை கைமாறும். இச்செயலே காசோலைத் தீர்வு எனப்படுகிறது. தீர்வு நின்றுபோன பிறகும் மக்கள் காசோலை எழுதுவதை நிறுத்தவில்லை; வாங்கியவர் அதை வைத்துக்கொண்டு காத்திராமல், பின்புறம் கையெழுத்திட்டு அடுத்தவரிடம் கொடுத்துச் சரக்கு வாங்கினார், அவரும் அவ்வாறே செய்தார். வங்கி எப்போது திறக்கும் என்று எவருக்கும் தெரியாத நிலையில், ஒவ்வொரு காசோலையும் நாள் குறிக்காத கடன்சீட்டாகவே கைமாறியது.

கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்க்க வழியில்லாதபோது ஏமாற்றுக்காரரை இனம்கண்டவர் யார் என்பதே இங்கு உயிரான கேள்வி. இந்நிகழ்வை ஆராய்ந்த டப்ளின் டிரினிட்டி கல்லூரிப் பொருளியலாளர் அன்டோயின் மர்ஃபி, அயர்லாந்தின் மளிகைக் கடைகளையும் ‘பப்’ எனப்படும் மதுக்கூடங்களையும் சுட்டுகிறார். ஊர்மக்கள் மாலைதோறும் கூடிப் பேசும் இடமான பப்பின் உரிமையாளர், யாருக்கு என்ன வருமானம், யாருடைய சொல் நம்பத்தக்கது என்பதைப் பல ஆண்டுப் பழக்கத்தால் அறிந்திருந்தார். வங்கி மேலாளர் பேரேட்டைப் புரட்டிக் கண்டறிவதை அவர் முகத்தைப் பார்த்தே கணித்தார். ஒருவரையொருவர் அறியாத பெருநகரக் கூட்டத்தில் இம்முறை இவ்வளவு எளிதாக வேரூன்றியிருக்குமா என்பது ஐயமே.

பணத்தின் மதிப்பு அதை அச்சிடும் அரசிடமிருந்து மட்டுமே வருகிறது என்ற பொதுக்கருத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வரலாற்றில் அரிது. வணிகம் நின்றுவிடவில்லை; 1970 நவம்பர் 17 அன்று வங்கிகள் திறந்தபோது, ஆறரை மாதங்களாகக் குவிந்த காசோலைகள் அனைத்தையும் சரிபார்த்துத் தீர்க்க 1971 பிப்ரவரி வரை ஆயிற்று.