43 கொண்டை ஊசி வளைவுகள்... நடுவில் யானை! - மஞ்சூருக்கு ஒரு கோடைப் பயணம்

ஏப்ரல் பிறந்தாலே என் போனில் இத்தாலி வந்துவிடுகிறது. கோமோ ஏரியில் படகு, அமால்ஃபி கடற்கரையில் கார், ஆல்ப்ஸ் மலையில் பாம்பாய் வளையும் ஸ்டெல்வியோ கணவாய்ச் சாலை என ரீல்ஸ் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே போக விசாவும் வேண்டும், வங்கிக் கணக்கில் லட்சங்களும் வேண்டும். என்னிடம் இருந்தது ஒரு வார விடுமுறை நாளும், கோவையிலிருந்து மஞ்சூர் போகும் அரசுப் பேருந்துக்கான டிக்கெட் காசும்தான்.

ஊட்டி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது குன்னூர் சாலை, இல்லையென்றால் கோத்தகிரி சாலை. காரமடை, வெள்ளியங்காடு, முள்ளி, கெத்தை வழியாக மஞ்சூருக்கு ஏறும் இந்தச் சாலையைப் பலருக்குத் தெரியாது. மொத்தம் 43 கொண்டை ஊசி வளைவுகள். ஸ்டெல்வியோவின் வடக்குப் பக்கச் சரிவில் 48. எண்ணிக்கையில் நாம் ஐந்துதான் குறைவு!

தண்ணீர் இறங்கும் வழி

வெள்ளியங்காட்டைத் தாண்டியதும் கடைகள் குறைந்து காடு தொடங்குகிறது. பில்லூர் அணைக்குப் பிரியும் பாதை இந்தப் பக்கம்தான். கோவையில் பல வீடுகளின் குழாயில் வருவது பில்லூர் தண்ணீர். கோவைக்காரர்கள் இந்தச் சாலையில் ஏறும்போது, தங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் வந்த வழியில் எதிர்த்திசையில் போகிறார்கள் என்று சொல்லலாம்.

மேலே அவலாஞ்சி, எமரால்டு அணைகளில் தேங்கும் தண்ணீர், முதலில் குந்தா மின் நிலையத்தில் டர்பைனைச் சுழற்றுகிறது. அங்கிருந்து வெளியேறி, கெத்தையில் மறுபடி மின்சாரம் தருகிறது. அடுத்து பரளி. கடைசியாக பில்லூர். ஒரே தண்ணீர், நான்கு இடங்களில் வேலை பார்த்துவிட்டுத்தான் சமவெளிக்கு வருகிறது. கெத்தையில் மட்டும் 175 மெகாவாட், பரளியில் 180 மெகாவாட் உற்பத்தித் திறன். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நாட்டின் உதவியோடு 1950-களிலும் 60-களிலும் உருவானது இந்தக் குந்தா நீர்மின் திட்டம். மலைச்சரிவில் செங்குத்தாக இறங்கும் ராட்சதக் குழாய்களும், மின்வாரியக் குடியிருப்புகளும் அந்தக் காலத்தின் அடையாளங்கள்.

ஸ்டெல்வியோ சாலையும் உல்லாசப் பயணிகளுக்காகப் போட்டதல்ல. 1820 முதல் 1825 வரை, ஆஸ்திரியப் பேரரசு தன் ஆட்சியில் இருந்த லொம்பார்டி பகுதியை மற்ற பகுதிகளோடு இணைக்க வெட்டிய பாதை அது. இரண்டு சாலைகளுமே வேலைக்காகப் பிறந்தவை. நாம் பிறகு வந்த விருந்தாளிகள்.

"யானை எந்தப் பக்கம் நிக்குது?"

கெத்தைக்கு மேலே ஒரு வளைவில் டிரைவர் சட்டென்று வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்தார். பேருந்துக்குள் பேச்சு நின்றது. முன்னால், சாலையின் நடுவில் ஒரு யானை, அதன் காலோரம் குட்டி.

எனக்குப் பக்கத்து சீட்டில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பாட்டி. கோவையில் கண் ஆபரேஷன் முடிந்து மகளோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். "யானை எந்தப் பக்கம் நிக்குது?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். சொன்னேன். "குட்டி இருக்கா? அப்ப நேரமாகும்" என்று சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

பின்னால் வந்து நின்ற காரிலிருந்து இரண்டு இளைஞர்கள் இறங்கினார்கள். ஒருவர் கையில் போன். பேருந்தைத் தாண்டி முன்னால் நடக்கப் பார்த்தார். கண்டக்டர் ஜன்னல் வழியே கையை நீட்டி, "தம்பி, வண்டில ஏறுங்க. அது மிரண்டா உங்கள மட்டும் இல்ல, இங்க இருக்கிற நாப்பது பேரையும் சேர்த்துத்தான் மிரளும்" என்றார், குரலை உயர்த்தாமல். அவர்கள் திரும்பிப் போனார்கள்.

எனக்கும் கை பரபரத்தது உண்மை. நானும் வீடியோ எடுத்துத் தரும் வேலைதான் பார்க்கிறேன். போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து யானை சரிவில் இறங்கியது. பாட்டி சொன்னார், "நமக்கு இத விட்டா வேற பஸ் இல்ல. அதுக்கும் வேற வழி இல்ல. யாராவது ஒருத்தர் நின்னுதானே ஆகணும்?"

பெரிய ஆஸ்பத்திரி, கல்லூரி என்று குந்தா வட்டாரத்து மக்கள் கோவைக்கு இறங்கும் வழியும் இதுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நமக்கு 'த்ரில்'லாக இருக்கும் ஒவ்வொரு தாமதமும் அவர்களுக்கு ஒரு டாக்டர் அப்பாயின்ட்மென்ட்.

மஞ்சூரில் என்ன இருக்கிறது?

குந்தா தாலுகாவின் தலைமையிடம் மஞ்சூர். சிறிய கடைவீதி, சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள், படகர் ஊர்கள். இலங்கையிலிருந்து 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய குடும்பங்களும் இந்த வட்டாரத் தோட்டங்களில் உண்டு. டீக்கடையில் உட்கார்ந்தால் பசுந்தேயிலை விலை பற்றிய பேச்சு காதில் விழாமல் இருக்காது. சூடான டீயும் வர்க்கியும் வாங்கிக்கொண்டு கேளுங்கள். ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

அன்னமலை முருகன் கோயிலிலிருந்து பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். குந்தா பாலத்தில் அணை. அங்கிருந்து எமரால்டு, அவலாஞ்சி. கோமோ ஏரியைப் பனிப்பாறைகள் குடைந்தன. நம் ஏரிகள் மனிதர்கள் அணை கட்டித் தேக்கியவை. ஆனால், மாலை வெயிலில் எமரால்டு நீர்ப்பரப்பைப் பார்த்தால் அந்த வித்தியாசம் மறந்துபோகும்.

அழகுக்கு இன்னொரு முகமும் உண்டு. 2019 ஆகஸ்ட் 8 அன்று, 24 மணி நேரத்தில் 82 செ.மீ மழை கொட்டிய இடம் அவலாஞ்சி. மழைக்காலத்தில் இந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

கிளம்பும் முன்...

* சொந்த வாகனத்தில் நீலகிரிக்குச் செல்ல இ-பாஸ் கட்டாயம். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் உள்ளது. 2025 கோடையில் வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என வரம்பும் வந்தது. அரசுப் பேருந்தில் போனால் இ-பாஸ் தேவையில்லை. அமால்ஃபியிலும் 2022 கோடையிலிருந்து நெரிசல் நாள்களில் ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் முறை வைத்திருக்கிறார்கள்!

* கெத்தை சாலையில் பகலில் மட்டும் பயணம் செய்யுங்கள். வனத்துறை விதிகள் மாறலாம். சோதனைச் சாவடியில் கேட்டுவிட்டுப் போங்கள்.

* அவலாஞ்சி காட்டுக்குள் வனத்துறை வாகனத்தில்தான் போக முடியும். மழை பெய்தால் மூடிவிடுவார்கள்.

* பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை. வீட்டிலிருந்தே பாட்டிலில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

* வழியில் யானை நின்றால் ஹாரன், ஃபிளாஷ், செல்ஃபி மூன்றும் வேண்டாம். இன்ஜினை அணைத்துக் காத்திருங்கள்.

மஞ்சூரில் இறங்கியதும் பாட்டியின் பையை எடுத்துக் கொடுத்தேன். "யானைய நல்லா பாத்தியா கண்ணு?" என்றார். "பாத்தேன் பாட்டி." "அடுத்த தடவ வரும்போது நானும் பாத்துருவேன். கட்டு பிரிச்சாச்சுல்ல" என்று சிரித்தபடி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.