விருப்ப ஓய்வா, ஆட்குறைப்பா? கையெழுத்துப் போடும் முன் யோசியுங்கள்!

நெய்வேலியில் யாரையாவது பார்க்கப் போனால், முதல் கேள்வியே ‘எந்த பிளாக்?’ என்பதுதான். வேலை, குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என எல்லாமே 1956-ல் தொடங்கிய ஒரே நிறுவனத்தைச் சுற்றி வளர்ந்த ஊர். அங்கே ஒருவருக்கு வேலை முடிந்தால் சம்பளம் மட்டும் நிற்பதில்லை. வீட்டுச் சாவியையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதனால்தான் ‘வி.ஆர்.எஸ்.’ என்ற சொல் காதில் விழுந்தாலே இதுபோன்ற ஊர்களில் பல வீடுகளில் தூக்கம் போய்விடுகிறது.

‘விருப்பம்’ யாருடையது?

மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களில் விருப்ப ஓய்வுத் திட்டம் 1988-ல் வந்தது. 2019-ல் பி.எஸ்.என்.எல். அறிவித்தபோது 78,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்து, 2020 ஜனவரி 31-ல் ஒரே நாளில் விடைபெற்றார்கள். அதற்கு முன்பே அங்கே சம்பளம் தாமதமாகத் தொடங்கியிருந்தது. சம்பளம் எப்போது வரும் என்று தெரியாத நிலையில் எடுக்கும் முடிவை முழு விருப்பம் என்று சொல்லிவிட முடியுமா?

மறுத்தால் வேலை நிலைக்கும் என்றும் சொல்ல முடியாது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் 2014-ல் ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் சென்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஆலையே மூடப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆட்குறைப்பு என்றால், ஓராண்டாவது தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு முன்னறிவிப்பும், பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும். பொதுவாக, கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் வெளியேற வேண்டும். பெரிய ஆலை, சுரங்கம், தோட்டம் என்றால் அரசின் முன் அனுமதியும் தேவை. முன்பு 100 பேர் வேலை பார்த்தாலே அனுமதி வாங்க வேண்டும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில் அது 300 ஆகிவிட்டது.

விருப்ப ஓய்வை ஆட்குறைப்பாகச் சட்டம் கருதுவதில்லை. பெரும்பாலும் கூடுதல் பணம் கிடைக்கும். ஆனால், நீங்களே கையெழுத்துப் போட்டபின் ‘என்னை நீக்கிவிட்டார்கள்’ என்று வழக்காடுவது மிகக் கடினம்.

கையெழுத்துக்கு முன்...

* கிராஜுவிட்டி, பி.எஃப்., விடுப்புச் சம்பளம் ஆகியவை எப்படியும் உங்களுக்குச் சேர வேண்டியவை. அவற்றைக் கழித்துவிட்டு, கூடுதலாக எவ்வளவு தருகிறார்கள் என்று பாருங்கள்.
* மருத்துவ வசதி தொடருமா, குவார்ட்டர்ஸை எப்போது காலி செய்ய வேண்டும் என்பதை எழுத்தில் கேளுங்கள்.
* விண்ணப்பத்தைத் திரும்பப் பெறக் கடைசி நாள் எது என்று குறித்துக்கொள்ளுங்கள்.
* நிபந்தனைகளுக்கு உட்பட்டு 5 லட்சம் ரூபாய் வரை வருமான வரி விலக்கு உண்டு. மீதிக்கு வரி கட்ட வேண்டியிருக்கும்.
* மிரட்டல் வந்தால் தொழிற்சங்கத்திடமோ வழக்கறிஞரிடமோ கையெழுத்துக்கு முன்பே பேசுங்கள்.

இத்தனையும் நிரந்தரத் தொழிலாளிக்கு. பக்கத்திலேயே அதே சுரங்கத்தில் மண் சுமக்கும் காண்டிராக்ட் தொழிலாளிக்குப் பெரும்பாலும் இந்தப் படிவமே வருவதில்லை. காண்டிராக்ட் முடிந்தால் வேலையும் முடிந்தது.

படிவம் உங்கள் கைக்கு வந்தால், அன்றே நீட்டிவிடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பேப்பரும் பேனாவுமாக மனைவி, மக்களோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போவது நீங்கள் மட்டும் இல்லையே!