தோள்வலிக்கும் வீட்டுப்பாடம் உண்டு

செப்டம்பர் 5 நமக்கு ஆசிரியர் தினம். அதற்கு மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 8, உலக இயன்முறை மருத்துவ நாள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பதை என் வலது தோள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு அருகிலுள்ள பள்ளிக்குத் தினமும் பேருந்தில் போய்வருகிறேன். ஒருநாள் மேல்கம்பியைப் பிடிக்கக் கை எழவில்லை. சில வாரங்களில் கரும்பலகையின் மேல்பகுதியில் எழுத முடியாமல் போனது. தேதி எழுதக்கூட மாணவர்களை அழைத்தேன். வயதானால் வருவதுதான் என்று தைலம் தடவிக்கொண்டு, கையை அசைக்காமல் இரண்டு மாதம் ஓட்டினேன். அதுதான் நான் செய்த தவறு.

பிறகு, போகும் வழியிலேயே முண்டியம்பாக்கத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்றேன். மருத்துவர் பரிசோதித்து, ‘ஃப்ரோசன் ஷோல்டர்’, அதாவது உறைதோள் என்றார். தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்து இறுகுவதால் இது வருகிறது. 40 முதல் 60 வயதுக்குள் அதிகம் காணப்படும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். வலிக்கிறதே என்று அசைக்காமல் வைத்தால் இறுக்கம் இன்னும் கூடும்.

கருவி பாதி, பயிற்சி மீதி

இயன்முறை சிகிச்சைப் பிரிவில் முதலில் வெப்ப ஒத்தடம் கொடுத்தார்கள். வெப்பம் இரத்த ஓட்டத்தைக் கூட்டித் தசையைத் தளர்த்தும். அடுத்து ‘டென்ஸ்’ கருவி. தோலில் ஒட்டும் பட்டைகள் வழியே செல்லும் மெல்லிய மின்னோட்டம் வலி உணர்வைத் தற்காலிகமாகக் குறைக்கும். “இது பயிற்சி செய்ய வழிவிடத்தான் சார். கையை மேலே தூக்க வைப்பது நீங்கள் வீட்டில் செய்யும் பயிற்சிதான்” என்றார் இயன்முறை மருத்துவர். நாம் மாணவர்களிடம் வீட்டுப்பாடம் பற்றிச் சொல்வதும் இதைத்தானே!

எனக்குக் கிடைத்த வீட்டுப்பாடம் இரண்டு. ஒன்று, குனிந்து நின்று, கையைத் தளரத் தொங்கவிட்டு, தனி ஊசல்போல் மெதுவாக ஆட்டுவது. மற்றொன்று, சுவரில் விரல்களால் படிப்படியாக மேலே ஏறுவது. விரல் எட்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தேன். முதல் வாரம் கோடு நகரவே இல்லை. மூன்றாம் வாரம் இரண்டு விரற்கடை ஏறியது. ஐந்து மாதம் ஆனது. இன்று தேதியை நானே எழுதுகிறேன்.

மாணவருக்கு அடிபட்டால்

ஓட்டப் பயிற்சியில் பின்தொடைத் தசை இழுத்துக்கொண்ட மாணவன் ஒருவனுக்கு முன்பு நானே எண்ணெய் தேய்த்து நீவிவிடச் சொன்னேன். மறுநாள் வீக்கம் கூடியிருந்தது. புதிதாக ஏற்பட்ட காயத்தில் முதல் இரண்டு நாள் அழுத்தித் தேய்ப்பதும் சூடு வைப்பதும் கூடாது. பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 10 நிமிடம் வைக்கலாம்.

‘ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, உயர்த்தி வைத்தல்’ என்ற முறையை 1978-இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் எழுதினார். முழு ஓய்வும் நீண்ட நேரப் பனிக்கட்டியும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் அவரே திருத்திச் சொன்னார். வலி தாங்கும் அளவுக்கு மெல்ல நடக்கத் தொடங்குவதே நல்லது.

விளையாட்டு விழாவுக்கு மறுநாள் கால் வலிப்பது லாக்டிக் அமிலத்தால் என்று வகுப்பில் சொல்லியிருப்போம். அந்த அமிலம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலேயே அகன்றுவிடும். மறுநாள் வலிக்குப் பழக்கமில்லாத உழைப்பால் தசைநார்களில் ஏற்படும் நுண்ணிய சேதமே காரணம். சில நாளில் தானே சரியாகும்.

தாமதிக்கக் கூடாதவை

கை மரத்துப்போதல், பலம் குறைதல், காய்ச்சலுடன் வலி இவற்றுக்கு உடனே மருத்துவரைப் பாருங்கள். தோள்வலியோடு நெஞ்சு இறுக்கமோ வியர்வையோ இருந்தால் நேராக அவசரச் சிகிச்சைக்குச் செல்லுங்கள். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டு ஒத்தடத்தில் கவனமாக இருக்க வேண்டும், கொப்பளிப்பதுகூடத் தெரியாது.

நடமாட முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கிறார்கள். நம் மாற்றுத்திறன் மாணவர்களுக்கு வட்டார வள மையம் வழியாக இச்சேவை கிடைக்கிறது. இயன்முறை மருத்துவர் வாரத்தில் ஒருநாள் சொல்லித்தரும் பயிற்சியை மற்ற நாள்களிலும் அந்தக் குழந்தை செய்கிறதா என்று விசாரிப்பது நம்மால் முடியும். ஒருநாள் சிகிச்சையின் பலன் மற்ற ஆறு நாள்களில்தான் இருக்கிறது.