பூனைக்கு வயது என்ன?

பூனைக்கு ஜாதகம் கணித்து வைப்பாரில்லை. தெருவிலிருந்து வந்து நம் வீட்டில் குடிபுகுந்த பூனையின் பிராயத்தை அறிய வேண்டுமானால், அதன் வாயைத்தான் திறந்து பார்க்க வேண்டும். அதற்குப் பூனை சம்மதிக்க வேண்டும்!

பிறந்த குட்டிக்குப் பல் கிடையாது. சுமார் மூன்றாம் வாரத்தில் முன்பற்கள் அரும்பும். பாற்பற்கள் மொத்தம் 26. நான்காம் மாத வாக்கில் அவை விழத் தொடங்கி, ஏழாம் மாதத்திற்குள் நிலையான பற்கள் முப்பதும் முளைத்துவிடும். விழியும் சாட்சி சொல்லும். ஆரம்பத்தில் நீலமாயிருப்பது, ஏழாம் வாரத்தையொட்டித் தன் சொந்த நிறம் காட்டும்.

அப்புறந்தான் சங்கடம். வயது ஏற ஏறப் பற்களில் மஞ்சட் காரை படியும் என்பது மெய்யே. ஆனால் அது உணவையும் உடற்கூற்றையும் பொறுத்தது. பட்டினியும் சண்டையுமாய்த் திரிந்த நாலு வயதுப் பூனை, பத்து வயதுக் கிழம்போல் தோன்றக்கூடும். கண்மணியின் உட்புறம் மங்கிய நீலச் சாயல் கண்டால், மெய்யாகவே முதுமை என்று ஊகிக்கலாம்.

"வயது தெரிந்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆறு வாரக் குட்டியானால் தாயின் துணை இன்னும் வேண்டியிருக்கும். நான்கு மாதமே ஆன பெண் குட்டியும் சில சமயம் கருத்தரித்துவிடும். வயதான பூனையோ ஓயாமல் தண்ணீர் குடித்து, நாளுக்கு நாள் இளைத்தால், வெயிலின்மேல் பழிபோட்டு வாளாவிருக்கலாகாது. முதிய பூனைகளுக்குச் சிறுநீரக நோய் சகஜம். தாமதியாமல் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.