கற்பிட்டிக் கோட்டையும் கைவிடப்பட்ட கட்டடங்களும்

புத்தளம் களப்பின் வாயிலைக் காவல் செய்யும் பொருட்டுக் கற்பிட்டியில் ஒல்லாந்தர் அமைத்த கோட்டையைக் கண்ட பழைய மாணவர் நம்மிற் பலர் உளர். 1667ஆம் ஆண்டு தொடங்கி 1676ஆம் ஆண்டில் நிறைவெய்திய அக்கோட்டை, 1795இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1859இல் படைநிலையம் என்னும் நிலையை இழந்தது; பின்னர்ச் சிறைச்சாலையாயிற்று; இன்று கடற்படையினரின் பொறுப்பில் உள்ளது. கைவிடப்பட்ட பழங்கட்டடங்களை மீளப் பயன்படுத்தல் எத்துணைக் காலம் தாக்குப்பிடிக்கும் என்னும் வினாவுக்கு இதனினும் ஏற்ற உதாரணத்தை இக்கரையில் நாம் தேடவேண்டியதில்லை.

இதனோடு ஒப்பிடத்தக்கது வடக்கே மன்னார்க் கரையிலுள்ள அரிப்பு மாளிகை. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காகத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் கட்டுவித்த அது 1804இல் முடிந்தது. கோட்டையினும் ஏறக்குறைய 130 ஆண்டு இளையது. எனினும் எஞ்சியிருப்பவை இடிந்த சுவர்களே. கடலரிப்பும் ஒரு காரணந்தான். ஆயினும் முத்துக்குளிப்பு ஓய்ந்தபின் அம்மாளிகைக்கு வேலையில்லாது போயிற்று. வேலையற்ற வீட்டின் ஒழுக்கை யார் அடைப்பார்? கோட்டைக்கோ ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்பாடுகள் வாய்த்தன.

ஆகவே, ஏதேனும் ஒரு பயன்பாடு இருந்தாற் போதும் என்று முடிவுகட்டலாமா? அதுவுமன்று. சுவரின் இயல்பை அறியாத பயன்பாடு, கைவிடுதலினும் விரைவாக அதனைக் கெடுக்கும்.

இக்கோட்டைச் சுவர்கள் முருகைக்கல்லாலும் சுண்ணாம்புக் கல்லாலும் ஆனவை. இவை ஈரத்தை உறிஞ்சுவன. சுண்ணாம்புச் சாந்தோ அவ்வீரத்தை மெல்ல வெளிவிடும். கடற்காற்றோடும் நிலத்தின் ஈரத்தோடும் வரும் உப்பு, நீர் உலரும் இடத்திற் பளிங்காக உறையும். உறையும்போது பருத்து, தான் இருக்கும் நுண்துளையைப் பிளக்கும். பூச்சு சுண்ணாம்பாயின், உதிர்வது பூச்சே. மறு ஆண்டு புதிதாகப் பூசிவிடலாம். வலுவென்று கருதிச் சீமெந்து பூசினால், ஈரம் உள்ளே சிறைப்பட்டு, உப்பு கல்லின் உள்ளேயே உறைகின்றது, உதிர்வது கல்லாகிவிடும். சீமெந்துக்கும் உப்புக்கும் பெயர்பெற்ற புத்தளம் மாவட்டத்தில் இவ்விரண்டும் ஒரே சுவரிற் சந்தித்தலாகாது என்பது வேடிக்கைதான்!

உதிர்ந்த முருகைக்கல்லுக்கு மாற்றுக் கல்லும் எளிதிற் கிடையாது. கரையோர முருகைக்கல் அகழ்வைச் சட்டம் தடுத்திருக்கின்றது. அது தக்கதே, கற்பாரே கடலலையைத் தடுப்பது. சுண்ணாம்பு சுட ஏறத்தாழ 900 பாகை வெப்பமும், சீமெந்துக்கு 1450 பாகை வெப்பமும் வேண்டும். நிற்கும் சுவருக்கான விறகோ என்றோ எரிந்து தீர்ந்தது. இடித்துக் கட்டுதல் மலிவு என்போர் இக்கணக்கைச் சேர்ப்பதில்லை.

கொழும்பில் ஒல்லாந்தர் வைத்தியசாலை 2011இல் கடைகளும் உணவகங்களுமாகத் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துக்கு அண்மையில் கடல்நடுவேயுள்ள கடற்கோட்டை விடுதியாயிற்று. கற்பிட்டியிலும் அவ்வாறே செய்தால் என்ன என்று வினவுவோர் உளர். கொழும்பில் அலுவலகக் கூட்டம் வாசலில் நிற்கின்றது. இங்கே அது இல்லை. அதனினும் பெரிது தண்ணீர். இத்தீபகற்பத்தின் நன்னீர், மணலடியில் உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படலமே. தோட்டச் செய்கையும் குடிமக்களும் அதையே நம்பியுள்ளனர். விடுதியின் குளியலறைகளுக்காக மிகையாக இறைப்பின் உவர் மேலேறும். அன்றியும், குழாய் பதிக்கச் சுவரைக் குடைந்தால் ஈரம் உள்ளே புகும்.

நூல்நிலையம், சிறு காட்சிச்சாலை போன்ற உலர்ந்த பயன்பாடுகளையே அடியேன் விரும்புவேன். ‘தமிழ் புளூராக்’ இயற்றிய சைமன் காசிச்செட்டி 1807இல் பிறந்த ஊர் இது. அவர் நூல்களை வைக்க ஓர் அறை போதும். அவ்வறைக்குத் தண்ணீர்க் குழாயும் வேண்டா. ஆனால் அதிற் கட்டணமாக வருவது சொற்பமே. ஆதலின் இத்தகைய திட்டம் எதனையேனும் எவரேனும் நம்மிடம் கொணர்ந்தால், திறப்புவிழாச் செலவை விடுத்து, ஒவ்வோராண்டும் மாரிக்குப்பின் சுண்ணாம்புக்கும் மேசனின் கூலிக்கும் பணம் எவர் கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றது என்பதையே முதலிற் கேட்டல் வேண்டும்.