‘ஆன்டிக்’ நிச்சயதார்த்த மோதிரம் தேடுகிறீர்களா? கடைக்குப் போகும் முன் பாட்டியின் நகை டப்பாவைத் திறந்து பாருங்கள்!

திருவண்ணாமலை மாவட்டம் தேவிகாபுரத்தில் ஒரு பட்டுப் புடவையின் சரிகை அசலா போலியா என்று கேட்டால், அதற்காக யாரும் ஆய்வுக்கூடம் தேடிப் போக மாட்டார்கள். முந்தானை ஓரத்தில் ஓர் இழையைப் பிரித்து, நகத்தால் மேல்பூச்சைச் சுரண்டிப் பார்ப்பார்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் எட்டிப் பார்த்தால் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். ஆரணிப் பட்டு என்ற பெயரில் ஊர் ஊராகப் போகும் புடவைகளை நெய்கிற கைகள் அவை. அந்தக் கைகளை ஏமாற்றுவது கஷ்டம்.

அதே கைகள் கல்யாணப் பேச்சு வந்ததும் நகைக்கடைக்குப் போகின்றன. அங்கேதான் சிக்கல்.

அப்படி ஒரு தறிக்காரர் வீடு என்று வைத்துக்கொள்வோம். மகளுக்குத் தை மாதம் நிச்சயதார்த்தம். அந்தக் காலத்தில் தட்டு மாற்றி, வெற்றிலை பாக்கு கொடுத்தால் நிச்சயம் முடிந்துவிடும். இப்போது மோதிரம் மாற்றாமல் போட்டோகிராபர் கேமராவையே எடுப்பதில்லை! மகளுக்கு இன்ஸ்டாகிராமில் பார்த்த மாதிரி சிவப்புக் கல் வைத்த ‘ஆன்டிக்’ மோதிரம் வேண்டும். அம்மாவுக்கு ஒரு யோசனை. “ஆயாவோட மோதிரம் டப்பாவுல சும்மாதானே கெடக்குது. அதைப் போட்டுட்டு இதை வாங்கிக்கலாம்.” ஆயா என்றால் இந்தப் பக்கத்தில் பாட்டி.

அம்மா சொல்வது நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால், உண்மையிலேயே பழைய ஒரு மோதிரத்தை உருக்கக் கொடுத்துவிட்டு, பழசு போலத் தெரிகிற புது மோதிரத்தைக் காசு கொடுத்து வாங்கப்போகிறார்கள்.

‘ஆன்டிக்’ என்றால் வயது அல்ல, நிறம்

நகைக்கடையில் ‘ஆன்டிக் கலெக்‌ஷன்’ என்ற பலகைக்குக் கீழே இருப்பவை பழைய நகைகள் அல்ல. போன மாதம் பட்டறையிலிருந்து வந்தவையாகவே இருக்கலாம். தங்கத்தின் பளபளப்பைக் குறைத்து, வேலைப்பாட்டின் பள்ளங்களைக் கருக்க வைத்து, பட்டை தீட்டாத கற்களோ சிவப்புக் கெம்போ பதித்தால் அதற்கு ‘ஆன்டிக் ஃபினிஷ்’ என்று பெயர். இது ஏமாற்று வேலை இல்லை, தொழிலில் புழங்கும் ஒரு பெயர். பில்லிலும் யாரும் ‘நூறு வருடப் பழசு’ என்று எழுதித் தரப்போவதில்லை. கேட்கிறவர்தான் அப்படி நினைத்துக்கொள்கிறார்.

உண்மையான பழம்பொருளுக்கு 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொதுவாக வைத்திருக்கும் அளவு, குறைந்தது 100 ஆண்டுகள். உலகச் சந்தையிலும் ஏறக்குறைய இதே கணக்குதான். அந்த வயதுள்ள மோதிரம் எல்லோர் வீட்டிலும் இருக்காது. ஆனால் 60, 70 வருட மோதிரம் பல வீடுகளில் இருக்கிறது. ஆயாவின் கல் மோதிரம், விரலில் வளைந்து இறங்கும் நெளி மோதிரம், தாத்தாவின் எழுத்து பொறித்த பெயர் மோதிரம் என்று ஏதோ ஒன்று.

அந்தப் பெயர் மோதிரத்தைப் பற்றி ஒரு விஷயம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் ஊர் வழக்கம். பேரன் என்ற சொல்லே ‘பெயரன்’தான் என்பார்கள். ஆகவே தாத்தாவின் முதல் எழுத்து பொறித்த மோதிரம் மாப்பிள்ளைப் பையனுக்கு அப்படியே பொருந்திப்போகும் வாய்ப்பு நிறைய. பெண் வீட்டார் புதிதாக ஒன்று வாங்கும் முன் பையன் வீட்டு டப்பாவையும் ஒருமுறை திறக்கச் சொல்லலாம்.

தராசு எதை எடை போடுகிறது?

ஆயாவின் மோதிரம் 6 கிராம் என்று கொள்வோம். கடையில் கல்லுக்கும் அடியிலிருக்கும் அரக்குக்கும் 1 கிராம் கழிக்கிறார்கள். மீதி 5 கிராம். சோதித்தால் 20 காரட் காட்டுகிறது. 22 காரட்டாக மாற்றிக் கணக்குப் போட்டால் சுமார் 4.55 கிராம். வாங்கப்போகும் புது மோதிரமும் 6 கிராம், சேதாரம் 15 சதவீதம் என்றால் 6.9 கிராமுக்குப் பணம் கட்ட வேண்டும். ஆக, மோதிரத்தையும் கொடுத்து, அதற்கு மேல் 2.35 கிராம் தங்கத்தின் விலையையும் கொடுக்கிறார்கள். 3 சதவீத ஜிஎஸ்டி தனி. இது ஓர் உதாரணக் கணக்கு. சேதாரமும் செய்கூலியும் கடைக்குக் கடை, டிசைனுக்கு டிசைன் மாறும். கைவேலை அதிகமுள்ள ஆன்டிக் டிசைன்களுக்குப் பொதுவாகக் கூடுதலாகவே இருக்கும்.

பழைய கல்லுக்குப் பெரும்பாலும் விலையே போடுவதில்லை. அதைச் செய்த ஆசாரியின் கைவேலைக்கும் விலை கிடையாது. நெசவாளர் குடும்பத்துக்கு இதைப் புரியவைக்க அதிகம் பேச வேண்டியதில்லை. ‘பழைய பட்டுப் புடவை வாங்குறோம்’ என்று தெருவில் வருகிறவர் அந்தப் புடவையை என்ன செய்வார் என்று அவர்களுக்குத் தெரியும். எரித்து, சரிகையிலிருக்கும் வெள்ளியை எடுப்பார். வெள்ளிக்கு விலை உண்டு. பத்து, பதினைந்து நாள் தறியில் உட்கார்ந்து நெய்த நெசவுக்கு எதுவும் கிடையாது.

ஆயாவுக்குக் கல்யாணம் எந்த வருஷம்?

பழைய மோதிரத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். இங்கிலாந்தில் பல பழைய மோதிரங்களின் உள்பக்கம், எந்த ஆண்டில் முத்திரையிடப்பட்டது என்பதைக் காட்டும் ஓர் எழுத்து இருக்கும். அந்த வழக்கம் லண்டனில் 1478-லேயே தொடங்கிவிட்டது. நம் ஊர் மோதிரங்களில் அப்படி எதுவும் இல்லை. இந்தியாவில் தங்கத்துக்கு பிஐஎஸ் ஹால்மார்க் வந்ததே 2000-ல்தான். ஆகவே மோதிரத்தின் வயது ஆயாவின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. அவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

வருஷத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. 1963 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது, தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றார்கள். பொற்கொல்லர்கள் பிழைப்பு ஆட்டம் கண்ட காலம் அது. 1966-ல் இந்தத் தடையை நீக்கினார்கள். அந்த மூன்று நான்கு வருடங்களில் செய்த மோதிரமாக இருந்தால் 14 காரட்டாக, அதாவது நூற்றுக்கு 58.5 பங்கு மட்டுமே தங்கமாக இருக்க வாய்ப்பு உண்டு. ‘அந்தக் காலத் தங்கம், சுத்தத் தங்கம்’ என்ற நம்பிக்கையோடு கடைக்குப் போய், சோதனை முடிவைப் பார்த்து அதிர்ந்து, செய்து கொடுத்த ஆசாரியைத் திட்டுவதில் பயனில்லை. அவர் சட்டப்படி நடந்திருக்கலாம்!

வேறொரு காரணமும் உண்டு. 22 காரட் தங்கத்தில் செய்திருந்தாலும், துண்டுகளை ஒட்ட வைக்கும் பொடியில் செம்பும் வெள்ளியும் அதிகம். ஒட்டு நிறைய உள்ள சின்ன நகையை உருக்கினால் தரம் இறங்கத்தான் செய்யும்.

ஊகத்தில் இருக்க வேண்டாம். ஹால்மார்க் இல்லாத வீட்டு நகையை பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் பொதுமக்களே நேரடியாகக் கொடுத்துச் சோதிக்கலாம். 2022-ல் அறிவித்தபடி, நான்கு நகைகள் வரை கட்டணம் 200 ரூபாய். தரம் எவ்வளவு என்று எழுத்தில் அறிக்கை தருவார்கள். மோதிரத்தை மாற்றப்போகிறீர்களோ இல்லையோ, அந்தக் காகிதம் கையில் இருந்தால் கடையில் பேரம் வேறு மாதிரி நடக்கும்.

கல் உண்மையா?

‘பர்மா சிவப்பு’ என்று ஆயா சொல்லியிருப்பார். அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனால், வெர்நோய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் தீச்சுடரில் மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902-லேயே வெளியிட்டுவிட்டார். அதற்குப் பிறகு செயற்கைச் சிவப்புக் கற்கள் உலகம் முழுக்கப் போயின. எனவே மோதிரம் நிஜமாகவே 90 வருடப் பழசாகவும், கல் மட்டும் செயற்கையாகவும் இருக்கலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. உருப்பெருக்கியில் பார்த்தால், இந்த முறையில் வளர்ந்த கல்லுக்குள் வளைந்த கோடுகளும் குமிழிகளும் தெரியும். இயற்கைக் கல்லில் கோடுகள் நேராக இருக்கும். ரத்தினப் பரிசோதனை தெரிந்தவர்தான் இதைச் சொல்ல முடியும்.

வைரம் என்றால் வீட்டில் ‘புளூ ஜாகர்’ என்ற பெயர் அடிபடும். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்தது அது. லேசாக நீலம் பாய்ந்த நல்ல வைரத்துக்கெல்லாம் நம்மவர்கள் அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். பெயரைக் கேட்டு விலை போடக் கூடாது.

அடுத்து மோதிரத்தைத் திருப்பிப் பாருங்கள். கல்லின் பின்பக்கம் திறந்திருக்கிறதா, தங்கத் தகட்டால் மூடியிருக்கிறதா? பழைய தென்னிந்தியக் கல் நகைகளில் பெரும்பாலும் மூடித்தான் இருக்கும். உள்ளே அரக்கும், நிறத்தைத் தூக்கிக் காட்ட ஒரு மெல்லிய தாளும் இருக்கும். இந்த மாதிரி மோதிரத்தை பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்தாலோ, கடையில் அல்ட்ராசானிக் மெஷினில் போட்டாலோ கதை முடிந்தது. தண்ணீர் உள்ளே இறங்கி கல் கறுத்துவிடும். காய்ந்த மெல்லிய பிரஷ் போதும். மூடிய கல்லைக் கழற்றாமல் அதன் தரத்தை முழுதாகச் சொல்லவும் முடியாது. அப்படிச் சொல்கிறவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை.

மூடிய அமைப்பில் தறிக்காரப் பெண்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கல்லைத் தூக்கிப் பிடிக்கும் நகங்களோடு இருக்கும் புது மாடல் மோதிரங்கள் பட்டு இழையில் மாட்டும். பாவில் ஓர் இழை அறுந்தாலும் பிணைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. கல்லைச் சுற்றித் தங்க விளிம்பு மூடிய பழைய மோதிரம் அப்படி இழுக்காது. நிச்சயம் முடிந்த மறுநாளே தறியில் உட்காரப்போகிற பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எப்போது மாற்றலாம்?

எல்லாப் பழைய மோதிரத்தையும் கட்டி அழ வேண்டும் என்றில்லை. உள்ளங்கைப் பக்கத்து வளையம் கம்பி மாதிரி தேய்ந்திருந்தால், கல் இரண்டு ஏற்கெனவே விழுந்து கண்ணாடி வைத்திருந்தால், முக்கியமாக அந்தப் பெண்ணுக்கே பிடிக்கவில்லை என்றால், தாராளமாக மாற்றலாம். காதருகே வைத்து லேசாக ஆட்டினால் ‘டிக்’ என்று சத்தம் வருகிறதா? கல் ஆடுகிறது என்று அர்த்தம். இது மாற்றுவதற்கான காரணம் அல்ல. நல்ல பத்தரிடம் கொடுத்தால் சரியாகிவிடும். வளையம் தேய்ந்தது மட்டும்தான் குறை என்றால், மேல்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு வளையத்தை மட்டும் புதிதாகப் போடலாம்.

புதிதுதான் வாங்குகிறீர்கள் என்றால், ஆறு எழுத்து, எண்கள் கொண்ட எச்யுஐடி இருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையை அந்த எண்ணோடுதான் விற்க வேண்டும். ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் எண்ணைப் போட்டால் தரம் தெரியும். 2 கிராமுக்குக் குறைவான நகைக்கும், குந்தன், போல்கி வகைக்கும் விதிவிலக்கு உண்டு. ஆன்டிக் டிசைன் பார்க்கிறவர்கள் இந்த விதிவிலக்கைக் கட்டாயம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நீலக் கல் மோதிரம் என்றால் வீட்டில் வேறு பஞ்சாயத்து ஆரம்பிக்கும். ‘நீலம் எல்லாருக்கும் ஒத்துக்காது’ என்பார்கள். 1981-ல் இளவரசி டயானாவின் விரலேறியது 12 காரட் இலங்கை நீலம். கடை கேட்டலாக்கில் இருந்த மோதிரம் அது. 2010-ல் அதையே வில்லியம் கேட் மிடில்டனுக்குப் போட்டார். அம்மாவின் மண வாழ்க்கை முறிந்தது ஊரறிந்த கதை என்றாலும், மகன் அந்த மோதிரத்தை ஒதுக்கவில்லை. நம் வீடுகளில் அப்படி முடிவெடுக்கும் முன் சம்பந்தி வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. ஆயா கணவரை இழந்தவர் என்பதற்காக அவர் மோதிரத்தைத் தயங்கும் வீடுகளும் இருக்கின்றன. மண்டபத்தில் வைத்து அது பேச்சாகக் கூடாது. இன்னொரு வார்த்தை, அத்தை, சித்தப்பா காதிலும் போட வேண்டும். ஆயாவின் மோதிரத்தில் அவர்களுக்கும் ஒரு கண் இருக்கும்!

எல்லாம் சரி, ஆயாவின் விரலும் பேத்தியின் விரலும் ஒரே அளவா? பெரும்பாலும் இருக்காது. சுற்றிலும் கல் பதித்த மோதிரத்தையும், அரக்கு வைத்ததையும் வெட்டி ஒட்டுவது ஆபத்து. சூடு பட்டால் அரக்கு இளகிவிடும். இறுக்கமாக இருந்தால் வேறு விரல் பார்க்கலாம். தளர்வாக இருந்தால் நம் வீடுகளில் காலம் காலமாகச் செய்வதுதான். உள்பக்கம் நூல் சுற்றிக்கொள்வார்கள். தேவிகாபுரத்தில் அதற்கு நூல் தேடி எங்கும் போக வேண்டாம். நிச்சயத்தன்று காலை, தறியில் மிஞ்சிய பட்டு இழையில் ஒரு முழம் போதும்.