பூனைக்கு எவ்வளவு சாப்பாடு?

செஞ்சிக் கோட்டையை மொகலாயப் படை 1690-ம் ஆண்டில் முற்றுகையிட்டது. கோட்டை வீழ்ந்தது 1698-ல்தான்!

இத்தனை ஆண்டுகள் தாக்குப் பிடிக்க மலையும் மதிலும் மட்டும் போதுமா? சோறு வேண்டாமா? கோட்டைக்குள் பெரிய பெரிய நெற்களஞ்சியங்கள் இருப்பது அதற்காகத்தான். ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து போட்டால்தான் முற்றுகையைத் தாங்க முடியும்.

களஞ்சியங்கள் இன்று காலியாக நிற்கின்றன. ஆனால் செஞ்சி இன்றும் நெல் விளையும் ஊர்தான். விற்பனைக் கூடத்துக்கு மூட்டை மூட்டையாக நெல் வருகிறது. நெல் இருந்தால் எலி வரும். எலி வந்தால் பூனை வேண்டும்.

அந்தப் பூனைக்கு எவ்வளவு சாப்பாடு போடுவது? அதற்கும் கணக்கு உண்டு!

பட்டினி போடலாமா?

"வயிறு நிறைந்தால் பூனை எலி பிடிக்காது" என்று சிலர் பூனையைப் பட்டினி போடுகிறார்கள். இது தவறு. வேட்டை பூனையின் பிறவிக் குணம். சாப்பிட்ட பூனையும் எலியைக் கண்டால் பாயும்.

சோறு மட்டும் போதுமா?

வேறு சிலர் பால் சோறும் தயிர்ச் சோறும் மட்டுமே போடுகிறார்கள். இதுவும் தவறு.

பூனை, புலியின் இனம். இறைச்சி தின்னப் பிறந்தது. இறைச்சியிலும் மீனிலும் 'டாரின்' என்ற சத்து இருக்கிறது. சோற்றில் அது இல்லை. அது கிடைக்காவிட்டால் பூனையின் கண் கெடும் என்று 1975-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். இருதயமும் கெடும் என்பது 1987-ல் தெரிந்தது.

இருட்டிலும் எலி பிடிக்கும் பூனை, வெறும் சோறு தின்றே குருடாகிவிடலாம்! போன பார்வை திரும்பாது.

கணக்கு இதோ!

பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள். பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள். வித்தியாசம்தான் பூனையின் எடை.

வளர்ந்த பூனைக்கு, கிலோவுக்கு 50 முதல் 60 கலோரி ஒரு நாளைக்கு வேண்டும். 4 கிலோ பூனை என்றால் 200 முதல் 240 கலோரி. ஒரு சுண்டெலியில் சுமார் 30 கலோரி இருக்கிறது. அதாவது, ஏழெட்டுச் சுண்டெலி!

கடையில் விற்கும் உலர் தீனி என்றால் 60 கிராம் போதும். வீட்டுச் சாப்பாடு என்றால், எலும்பில்லாத வெந்த கோழிக்கறி 100 கிராம், அவித்த முட்டை பாதி, சோறு ஒரு சிறு கரண்டி. இதை மூன்று வேளையாகப் பிரித்துப் போடலாம். வீட்டுச் சாப்பாடு மட்டுமே போடுகிறவர்கள், வேறு என்ன சத்து சேர்க்க வேண்டும் என்று கால்நடை டாக்டரைக் கேட்டுக்கொள்வது அவசியம். வெங்காயம், பூண்டு பூனைக்கு விஷம். குழம்பு ஊற்றக் கூடாது.

பால்? ஒரு டம்ளர் பாலிலேயே சுமார் 120 கலோரி. பாதிச் சாப்பாடு அதிலேயே போய்விடும்! பல பூனைகளுக்குப் பால் செரிப்பதும் இல்லை.

விலாவைத் தடவுங்கள்!

பூனையின் விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. தட்டுப்படவே இல்லையா? பூனை கொழுத்துவிட்டது. சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைக் குறையுங்கள். ஆனால் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. கொழுத்த பூனை இரண்டு, மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஈரல் கெட்டு, உயிருக்கே ஆபத்து.

குட்டிக்கும் சினைப் பூனைக்கும் இந்தக் கணக்கு ஒத்து வராது. அவற்றுக்கு அதிகம் வேண்டும்.

காலைச் சுற்றிச் சுற்றி வந்து "மியாவ்" என்றதும் தட்டை நிரப்பாதீர்கள். அளந்து போடுங்கள். பூனையும் நன்றாக இருக்கும். நெல்லும் பத்திரமாக இருக்கும்!